மர யானை: ஒரு செய்முறைப் பாடம்

முன்னுரை

குழந்தைக்குப் பொம்மை செய்வது எளிய வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கட்டிலும் நாற்காலியும் செய்யும் தச்சரை மதிக்கும் அளவுக்குப் பொம்மை செய்பவரை நாம் மதிப்பதில்லை. ஆனால் நாற்காலியைக் காட்டிலும் பொம்மைக்கே சோதனை அதிகம். குழந்தை அதை வீசும், மிதிக்கும், தரையில் தட்டும், தண்ணீரில் போடும், கடிக்கும். பல் முளைக்கும் பருவத்தில் கையில் அகப்பட்ட எதுவும் வாய்க்குத்தான் போகும். இத்தனையும் தாங்கி, குழந்தைக்குத் தீங்கு செய்யாமல் இருக்கும் பொருளைச் செய்வதற்கு இயற்பியலும், கொஞ்சம் வேதியியலும், மரத்தைப் பற்றிய அறிவும் வேண்டும்.

ஸ்க்ரோல் ரம்பத்தைக் கொண்டு ஐந்து துண்டுகளாலான ஒரு மர யானையைச் செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம். இந்த ரம்பத்தின் சிறப்பு, எந்த வளைவையும் அறுக்கும் என்பது. அதன் ஆபத்தும் அதுவே. நாம் தாளில் வரைந்த கோட்டை அது மறுக்காமல் அறுத்துவிடும். அக்கோடு நல்ல கோடா, கெட்ட கோடா என்று அது சொல்லாது. அதை நமக்குச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று மரத்தின் நாரோட்டம். மற்றொன்று குழந்தையின் வாய். இவ்விரண்டையும் கேட்டுக்கொண்டு வரைபவரே நல்ல பொம்மை செய்ய முடியும்.

அறுத்துச் சேர்க்கும் படங்கள்

மரத்தில் ஒட்டிய படத்தைத் துண்டுகளாக அறுத்துக் குழந்தைகளிடம் கொடுக்கும் வழக்கம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுப் பழமை உடையது. 1760-களில் இலண்டன் நகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் செதுக்குப்பட வல்லுநர், தேசப் படங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டின் வழியே மெல்லிய கைரம்பத்தால் அறுத்து விற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அத்துண்டுகளைச் சேர்த்துப் பூகோளம் கற்றனர். அக்காலத் துண்டுகளில் இப்போதுள்ளது போன்ற கொக்கி முனைகள் பெரும்பாலும் இல்லை. பக்கத்தில் பக்கமாக வைக்கப்பட்டன. காலால் மிதித்து இயக்கும் ரம்பங்கள் பரவிய பிறகு, வேண்டிய வளைவெல்லாம் அறுப்பது எளிதாயிற்று.

இத்தகைய பொருளுக்குக் கல்வியில் உள்ள மதிப்பை விளக்கியவர்களுள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததை நம்மில் பலர் அறிவோம். அவருடைய கருவிகளில் ஒரு தத்துவம் உண்டு. குழந்தை தவறு செய்தால் அதை ஆசிரியர் சுட்டிக்காட்டத் தேவையில்லை, கருவியே காட்டிவிடும். பெரிய உருளை சிறிய குழியில் இறங்காது. குழந்தை தானே பார்த்து, தானே மாற்றி வைக்கும். நாம் செய்யப்போகும் யானையும் அவ்வாறே. தலையை வாலிருக்கும் பக்கம் வைத்தால் வளைவுகள் பொருந்தா. அதட்டாமல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அந்த மரத்துண்டு.

ரம்பத்தின் அமைப்பு

ஸ்க்ரோல் ரம்பம் தையல் இயந்திரத்தைப் போன்றது எனலாம். மின்மோட்டாரின் சுழற்சியை, மையம் விலகிய சக்கரம் ஒன்று மேலும் கீழுமான அசைவாக மாற்றுகிறது. தையல் இயந்திரத்தில் ஊசி இருக்கும் இடத்தில் இங்கு மெல்லிய அலகு இருக்கிறது. கடைக்காரர் இதைப் பிளேடு என்பார். வழக்கமான அலகின் நீளம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. பல இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முதல் 1,600 தடவை வரை ஏறி இறங்கும்; வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உண்டு.

அலகைப் பொருத்தும்போது அதன் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் அலகு இறங்கும்போது அறுத்து, பலகையை மேசையோடு அழுத்தும். தலைகீழாகப் பொருத்தினால் ஒவ்வோர் ஏற்றத்திலும் பலகை துள்ளும். அலகுகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட அலகு தடிக்கும். ஓர் அங்குலப் பலகைக்கு 7 அல்லது 9-ஆம் எண் ஏற்றது. அலகு செல்லும் பாதையின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். எனவே அறுத்த இரு துண்டுகளும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன.

அலகை எவ்வளவு இறுக்க வேண்டும்? நம் இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானியைக் கையாண்ட மாணவர்க்கு விடை தெரியும். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அலகை விரலால் மெல்லச் சுண்டினால், போதிய இறுக்கமுள்ள அலகு தெளிவான உயர்ந்த ஒலி தரும். தளர்ந்த அலகு மந்தமாக ஒலிக்கும். அது அறுக்கும்போது வில்போல் வளையும். பலகையின் மேற்புறத்தில் ஓரிடத்திலும் அடிப்புறத்தில் வேறிடத்திலும் கோடு போகும். அப்படி அறுத்த துண்டு ஒரு பக்கமாக மட்டுமே நுழையும், மறுபக்கம் சிக்கிக்கொள்ளும்.

மேசை அலகுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அதைவிட நுட்பமான வழி ஒன்றுண்டு. கழிவுக் கட்டை ஒன்றின் ஓரத்தில் சிறிது அறுத்து நிறுத்துங்கள். கட்டையைத் திருப்பி, அந்த வெட்டை அலகின் பின்புறமாகக் கொண்டுவாருங்கள். அலகு தடையின்றி வெட்டுக்குள் நுழைந்தால் மேசை சரி. நுழையாவிடில் மேசை சாய்ந்திருக்கிறது.

மின்ரம்பம் இல்லாதவர் மனம் தளர வேண்டா. வளைந்த சட்டத்தில் அதே மெல்லிய அலகைப் பூட்டிய கைரம்பம் உண்டு. ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் வெட்டிய சிறு பலகையை மேசை ஓரத்தில் பிணைத்து, அதன்மேல் மரத்தை வைத்து அறுக்கலாம். நேரம் அதிகம் ஆகும். கைரம்பத்துக்கு அரை அங்குலப் பலகையே வசதி. ஆனால் அத்தடிப்பில் செய்த யானையைத் தரையில் படுக்கவைத்துச் சேர்க்கலாமே தவிர நிற்கவைத்து விளையாட முடியாது. அதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

மரத்தின் நாரோட்டம்

மரம் என்பது மேல்நோக்கி ஓடும் கோடிக்கணக்கான நுண்குழல்களின் கட்டு. அக்குழல்கள் ஓடும் திசையையே நாரோட்டம் என்கிறோம். நாரோட்டத்தின் திசையில் இழுத்தால் மரம் மிக்க வலிமை காட்டும். குறுக்குத் திசையில் இழுத்தால் அவ்வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடப் பொதுவாக இருப்பதில்லை. விறகைப் பிளப்பவர் நாரோட்டத்தின் வழியே கோடாலியை இறக்குவதன் காரணம் இதுவே.

கடைசல் பட்டறையில் செய்யும் பொம்மைக்கு இந்தச் சிக்கல் குறைவு. சன்னப்பட்டணத்துப் பொம்மைகளும், நம் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும் கடைசல் வேலைகள். கடைசல்காரர் கட்டையைச் சுழற்றும் அச்சும் நாரோட்டமும் பெரும்பாலும் ஒரே திசையில் அமைகின்றன. உருவமும் உருண்டு திரண்டு இருக்கிறது. பலகையிலிருந்து அறுத்தெடுக்கும் பொம்மை அப்படியன்று. பலகையில் நார் ஒரே திசையில்தான் ஓடும். உருவத்தின் கை, கால், வால், கொம்பு ஆகியவையோ பல திசைகளில் நீளும்.

யானையை எடுத்துக்கொள்வோம். பலகையை நீளவாட்டில் வைத்து, நீளமான உடலை நீளவாட்டில் வரைவதே எல்லோருக்கும் தோன்றும். மரமும் சிக்கனமாகும். ஆனால் அப்படி வரைந்தால் கால்களும் துதிக்கையும் நாரோட்டத்துக்குக் குறுக்கே அமைந்துவிடும். பார்வைக்கு யானை அழகாகவே இருக்கும். தரையில் விழுந்த அன்று துதிக்கை முறியும். முறிந்த முனை ஊசிபோல் சிலாம்பு நீட்டிக்கொண்டிருக்கும். உடைந்த துண்டு குழந்தையின் வாயில் அடங்கும் அளவில் இருக்கும். உடைந்த பொம்மை ஒரு நட்டம் மட்டுமன்று. அதுவே ஓர் ஆபத்து.

ஆகையால் நம் யானையை நாரோட்டம் மேலிருந்து கீழாக ஓடும்படி வரைய வேண்டும். அப்போது நான்கு கால்களுக்குப் பதிலாக நாம் காட்டும் இரண்டு தடித்த கால்களும், நேராகத் தொங்கும் துதிக்கையும் மரத்தின் வலிமைத் திசையில் அமையும். வால் ஒன்றே குறுக்கே நீளும். அதை வெளியே நீட்டாமல், பின்காலை ஒட்டி ஆழமில்லாத வெட்டுக்கோடாகக் காட்டிவிடலாம். துதிக்கையின் நுனியை முன்பக்கம் சுருட்டக்கூடாது. சுருண்ட பகுதி மீண்டும் குறுக்கு நாராகிவிடும். கூரிய தந்தமும் வேண்டா. நம் நாட்டுப் பெண் யானைக்கு வெளியே நீண்ட தந்தம் கிடையாது. நாம் செய்வது பெண் யானை என்று வைத்துக்கொள்வோம்.

குழந்தையின் வாய்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிறு பொருள்களை விழுங்கி மூச்சுத் திணறும் ஆபத்து உலகெங்கும் உண்டு. இதைத் தடுப்பதற்காகப் பொம்மைத் தரங்களில் ஓர் எளிய அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். உள்விட்டம் 31.7 மி.மீ. கொண்ட ஓர் உருளை. அதன் அடித்தளம் சாய்வானது. ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. ஏறத்தாழ ஒரு சிறு குழந்தையின் தொண்டையின் அளவு இது. ஒரு பொருள் எந்த வாட்டத்தில் வைத்தாலும் இந்த உருளைக்குள் முழுதும் அடங்கிவிடுமானால், அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரியதன்று.

நம் நாட்டில் இந்தியத் தரம் 9873 பொம்மைகளின் பாதுகாப்பைப் பற்றியது. 2020-ஆம் ஆண்டில் மைய அரசு பிறப்பித்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 2021 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்குச் செய்யும் பொம்மைகள் தர முத்திரை பெற வேண்டும் என்பது அதன் சாரம். கைவினை ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு 2020 டிசம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டுக் குழந்தைக்காகச் செய்பவரை எந்த அதிகாரியும் வந்து சோதிக்கப் போவதில்லை. அதனாலேயே நாம் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தடித்த அட்டையைச் சுருட்டி இந்த உருளையை நாமே செய்துகொள்ளலாம். உள்விட்டம் 32 மி.மீ.; ஆழம் 57 மி.மீ. அட்டை உருளை சற்றுப் பெரிதாக அமைந்தால் குற்றமில்லை, சிறிதாக அமையக்கூடாது. யானையின் துண்டுகளை வரையும்போதே ஒரு விதியை மனத்திற் கொண்டால் சோதனையில் தவற மாட்டோம்: எந்தத் துண்டும் நீளத்திலும் அகலத்திலும் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கண்ணுக்கு மணி ஒட்டுவது, காதைத் தனியே செய்து ஆணி அடிப்பது, கழுத்தில் கயிறு கட்டுவது ஆகியவற்றை அறவே விட்டுவிட வேண்டும். கண்ணுக்கு 4 மி.மீ. துளை ஒன்றே போதும். குழந்தையின் விரல் அதில் நுழைந்து சிக்கிக்கொள்ள வழியில்லை.

மரத்தைத் தேர்தல்

சன்னப்பட்டணத்தார் பயன்படுத்தும் மரம் வெட்பாலை. வெண்மையும் நெருங்கிய நாரும் உடைய இம்மரம் தந்தத்தைப் போன்று வழவழப்பாகும், அறுக்கவும் எளிது. மஞ்சள் கடம்பும் பூவரசும் நல்லவை. தேக்கு கிடைத்தால் வலிமையானதே. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். ஒட்டுப்பலகையின் ஓரங்களில் மெல்லிய ஏடுகள் பெயர்ந்து சிலாம்பாகும். அதிலுள்ள பசையும் குழந்தை கடிப்பதற்கு உரியதன்று. வேலியில் வெட்டிய அரளிக் கட்டையை ஒருபோதும் தொடாதீர்கள். அரளிச் செடியின் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எட்டியும் அவ்வாறே விலக்கத்தக்கது. பழைய கதவு, சன்னல் கட்டைகளில் பழைய வண்ணப் பூச்சு இருக்கும். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவையும் வேண்டா.

மரவாடியில் வாங்கும்போது நன்கு உலர்ந்த, கணுவும் வெடிப்பும் இல்லாத பலகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஈரம் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். இம்மாற்றம் நாரோட்டத்தின் திசையில் ஏறக்குறைய இல்லை. குறுக்குத் திசையில்தான் உண்டு. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வது இதனால்தான். யானையின் ஐந்து துண்டுகளையும் ஒரே பலகையில், ஒரே வாட்டத்தில் அறுப்பதால் அவை ஒருங்கே உப்பும், ஒருங்கே சுருங்கும், பொருத்தம் கெடாது. ஒரு துண்டு தொலைந்ததென்று வேறு பலகையில் வேறு வாட்டத்தில் அறுத்துச் சேர்த்தால் அது மழைக்காலத்தில் சிக்கும்.

யானையின் அளவுகள்

பலகையின் தடிப்பு 25 மி.மீ. யானையின் நீளம் 180 மி.மீ.; உயரம் 120 மி.மீ. நாரோட்டம் மேலிருந்து கீழ். 180 மி.மீ. அகலப் பலகை கிடைக்காவிட்டால் இரு சிறு பலகைகளைப் பக்கவாட்டில் வெள்ளைப் பசையால் ஒட்டிக் கிளாம்ப் போட்டு, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நாரோட்டத்துக்கு இணையாக ஒட்டிய இணைப்பு மரத்துக்கு ஈடான வலிமை உடையது.

தடிப்பை 25 மி.மீ. என்று கொண்டதற்குக் காரணம் உண்டு. நிற்கும் பொருள் ஒன்று, அதன் புவிஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடித்தளத்தை விட்டு வெளியேறும்வரை விழாது. நம் யானையின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 60 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தடிப்பு 25 ஆனால் பாதித் தடிப்பு 12.5. யானை சுமார் 12 பாகை சாயும்வரை தாங்கும். அரை அங்குலப் பலகையில் அதுவே சுமார் 6 பாகையாகக் குறைந்துவிடும். குழந்தையின் மூச்சுப்பட்டாலே விழும் என்று சொல்லத் தோன்றும். அடிக்கடி விழும் பொம்மையைக் குழந்தை விரைவில் ஒதுக்கிவிடும்.

இனித் துண்டுகளைப் பிரிப்போம். முதலில் 60 மி.மீ. அகலத்துக்குத் தலையும் துதிக்கையும் ஒரே துண்டு. துதிக்கையின் அகலம் 35 மி.மீ.; அது முன்னோரத்தில் நேராக இறங்கித் தரையைத் தொட வேண்டும். எஞ்சிய 120 மி.மீ. அகல உடலை நடுவில் மேலிருந்து கீழாகப் பிரித்து முன்பாதி, பின்பாதி ஆக்குக. ஒவ்வொரு பாதியையும் குறுக்கே பிரித்து மேல் துண்டு, கீழ்த் துண்டு ஆக்குக. கீழ்த் துண்டில் வயிற்றின் ஒரு பகுதியும் ஒரு காலும் இருக்கும். காலின் அகலம் 40 மி.மீ.; உயரம் 35 மி.மீ. முன்கால் உடலின் முன்னோரத்தையும் பின்கால் பின்னோரத்தையும் ஒட்டி நிற்கட்டும். இடையில் 40 மி.மீ. வெளி கிடைக்கும்.

மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கக் கீழ்த் துண்டிலிருந்து மேல்நோக்கி ஒரு குமிழ் நீளட்டும். அதன் கழுத்து 15 மி.மீ., தலை 20 மி.மீ., உயரம் 15 மி.மீ. இது நாரோட்டத்தின் திசையில் நீள்வதால் எளிதில் முறியாது. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையிலும், தலைக்கும் உடலுக்கும் இடையிலும் குமிழ் வைக்கக்கூடாது. அக்குமிழ் நாரோட்டத்துக்குக் குறுக்கே நீளும், கழுத்தில் ஒடியும். அங்கே மெல்லிய அலைபோன்ற கோடு போதும். பிணைப்பில்லாவிட்டால் தலை விழுந்துவிடாதா என்று கேட்கலாம். விழாது. துதிக்கை தரையைத் தொடுவதால் தலை தன் காலிலே நிற்கிறது. முன்பாதியும் பின்பாதியும்கூடத் தனித்தனியே நிற்கக் கூடியவை.

அறுக்கும் முறை

1. படத்தைத் தாளில் முழு அளவில் வரைந்து, பலகைமேல் ஒட்டுத் தாள்நாடா பரப்பி, அதன்மேல் படத்தை ஒட்டுக. வேலை முடிந்ததும் உரித்தெடுக்க எளிதாகும். படத்தின் மேல் கீழ் வாட்டமும் நாரோட்டமும் ஒன்றுதானா என்று இன்னொரு முறை பாருங்கள்.

2. கண்ணுக்குரிய துளையை முதலில் இடுக. பலகை பெரிதாக இருக்கும்போதே துளையிடுவது பாதுகாப்பு. அடியில் கழிவுக் கட்டை வைத்தால் துளையின் மறுபுறம் சிதறாது.

3. வெளிக்கோட்டை அறுக்க. பலகையைத் தள்ளுவதைவிட, அலகு அறுக்கும் அளவுக்கு ஈடுகொடுத்து நகர்த்துகிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அழுத்தித் தள்ளினால் அலகு வளையும், மரம் கருகும், கடைசியில் அலகு முறியும்.

4. பெரும்பாலான அலகுகள் சற்று வலப்புறம் இழுக்கும். அலகு செய்யும்போது ஒரு பக்கத்தில் தங்கிவிடும் பிசிறே காரணம். பலகையைச் சிறிது கோணலாகப் பிடித்துச் செலுத்தினால் கோடு நேராகும். இது ஓரிரு மணி நேரப் பழக்கத்தில் கைவந்துவிடும்.

5. தலையைப் பிரிக்க. பிறகு உடலைக் குறுக்கே, குமிழ்களின் வழியாக, மேலும் கீழுமாகப் பிரிக்க. இறுதியாக ஒவ்வொன்றையும் அலைக்கோட்டில் இரண்டாக்குக. குமிழின் வளைவில் நின்ற இடத்திலேயே பலகையைத் திருப்ப வேண்டும், அவசரம் ஆகாது.

தேய்ப்பும் பூச்சும்

அறுத்த துண்டின் அடிப்புறத்தில் பிசிறு இருக்கும். 120-ஆம் எண் உப்புத்தாளால் தொடங்கி 220-ஆம் எண்ணில் முடிக்க வேண்டும். நாரோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். எல்லா ஓரங்களையும், காலின் அடியைத் தவிர, விரல் வழுக்கும்படி உருட்டிவிடுங்கள். பின்னர் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால், படுத்திருந்த நுண்ணிய நார்கள் மயிர்போல் எழுந்து நிற்கும். மீண்டும் 220-ஆம் எண் தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் குழந்தையின் எச்சில் பட்டதும் அந்நார்கள் எழும், வழவழப்பு போய்விடும்.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அது காற்றில் உறைந்து படலமாவதில்லை. நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல உறைந்து மரத்தைக் காக்கின்றன. உலோக உலர்த்திகள் கலக்காத தூய எண்ணெயாக வாங்கி மெல்லியதாகப் பூசி, மிகுந்ததைத் துடைத்து, சில வாரங்கள் நன்கு உலரவிட்டு, மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும். ஓர் எச்சரிக்கை: இவ்வெண்ணெய் ஆக்சிஜனுடன் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். துணியை வெளியில் விரித்து உலர்த்துங்கள். அல்லது நீரில் நனைத்து வையுங்கள்.

வண்ணம் பூச விரும்புவோர் ஈயத்தை நினைவிற் கொள்ள வேண்டும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற விதி 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு மூலையில் மீந்துகிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் பூசுவது கூடாது. மரத்தின் இயற்கை நிறமே குழந்தைக்குப் போதுமானது.

செய்பவரின் பாதுகாப்பு

மின்ரம்பங்களுள் ஸ்க்ரோல் ரம்பம் ஆபத்துக் குறைந்தது. எனினும் விரலை மரம் என்றும் விரல் என்றும் அது பிரித்தறியாது. அலகு செல்லும் கோட்டுக்கு நேரே விரல் வைக்கக்கூடாது. இரு பக்கங்களிலும் வைக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். தாவணி, துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி, அவிழ்ந்த கூந்தல், வளையல் ஆகியவை இயந்திரத்தின் அருகே தொங்கலாகாது. அலகை மாற்றுமுன் மின்இணைப்பைத் துண்டியுங்கள்.

மரத்தூளை அற்பமாக எண்ணுவோர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்துள்ளது. மூக்கில் கைக்குட்டை கட்டுவதால் நுண்தூள் நிற்காது. நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். குழந்தை அருகில் இருக்கும்போது அறுக்கவோ தேய்க்கவோ வேண்டா.

கடைசிச் சோதனை

முடிந்த யானையைக் குழந்தையிடம் கொடுக்குமுன் நான்கு சோதனைகள் செய்க. ஒன்று, ஒவ்வொரு துண்டையும் அட்டை உருளையில் எல்லா வாட்டத்திலும் இட்டுப் பார்த்தல். இரண்டு, ஒவ்வொரு துண்டையும் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பலமுறை போடுதல். மூன்று, குமிழையும் துதிக்கையையும் இரு கையாலும் பிடித்து வலுவாக முறுக்கி இழுத்தல். நான்கு, பழைய நைலான் துணியால் எல்லாப் பக்கமும் தடவுதல். சிலாம்பு இருந்தால் நூல் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். உடைந்தால் உங்கள் கையில் உடையட்டும். எங்கே உடைந்தது என்று பார்த்தால், நாரோட்டத்தை எங்கே மறந்தோம் என்பது தெரியும். அடுத்த யானையில் திருத்திக்கொள்ளலாம்.

முடிவுரை

இந்த ஒரு பொம்மையில் சுரமானி விதியும், ஈர்ப்பு மையமும், மரத்தின் நுண்ணமைப்பும், எண்ணெயின் வேதியியலும் வந்துவிட்டன. தேர்வுக்காகப் படித்தவை கையில் வந்து நிற்பதைக் காண்பது தனி மகிழ்ச்சி. அதனினும் பெரியது, இதைப் பெறும் குழந்தையின் நலம். ஒரு யானைக்கு இரண்டு அடி நீளப் பலகைகூடத் தேவைப்படாது; பழகிய கைக்கு ஒரு விடுமுறை நாள் போதும், பூச்சு உலரும் நாள்கள் நீங்கலாக.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் சிற்றூர்களில் முகாம் நடத்துகிறார்கள். முகாம் நடக்கும் ஊரில் ஓர் அங்கன்வாடி இருக்கும். அங்குள்ள பிள்ளைகளுக்காகப் பத்து மாணவர் ஆளுக்கொரு யானை செய்து கொண்டுபோகலாம். கொண்டுபோகுமுன், ஒருவர் செய்த யானையை மற்றொருவர் மேற்சொன்ன நான்கு சோதனைகளுக்கும் உட்படுத்தட்டும். தன் கைவேலையில் தனக்குத் தெரியாத பிசிறு, பிறர் விரலுக்குத் தெரிந்துவிடும். அச்சோதனைகளில் தேறிய யானைகள் மட்டும் அப்பிள்ளைகளின் கைக்குப் போகட்டும்.